மூலர் மொழிந்த பிராணாயாமமும் மருத்துவமனை மூச்சுப் பயிற்சியும்

திருச்சிற்றம்பலம்

திருமூலதேவ நாயனார் அருளிய திருமந்திரம் பத்தாந் திருமுறையாக வைத்துப் போற்றப்படுவது. ஒன்பது தந்திரங்களையுடைய அந்நூலின் மூன்றாந் தந்திரம் அட்டாங்க யோகத்தை விரிப்பதென்பது இவ்விதழ் அன்பர் யாவரும் அறிந்ததே. அதன்கண் உள்ள பிராணாயாமப் பகுதியை எடுத்துக்கொண்டு, “இது நுரையீரலை வலுப்படுத்தும் உடற்பயிற்சியன்றி வேறன்று, மருத்துவமனைகளில் மூச்சு நோயாளர்க்கு இன்று கற்பிக்கப்படும் பயிற்சியும் இதுவும் ஒன்றே” என்று உரைக்கும் சிறு நூல்களும் சொற்பொழிவுகளும் இக்காலத்துப் பெருகியுள்ளன. நம் திருமுறைக்குப் பெருமை தருவதாகத் தோன்றுதலின் அக்கூற்றுக் கேட்போர்க்கு இனிக்கின்றது. ஆயினும், அது நூலின் கருத்தோடும் பொருந்தாது, நோயாளர் நலத்தோடும் பொருந்தாது என்பது அடியேன் துணிபு. அத்துணிபிற்குரிய காரணங்களை நிரலே கூறுதும்.

இவ்வாராய்ச்சி புகுதற்குக் காரணம் நூற்பற்று மட்டுமன்று. இளமையில் மடத்திலே அடியேனோடு ஒருங்கு பயின்ற அன்பரொருவர், பின்னர்ப் பாடம் விடுத்து மடைப்பள்ளித் திருத்தொண்டில் அமர்ந்தார். நாற்பதாண்டு விறகடுப்பின் முன் நின்று அமுதாக்கினார். புகையிலை தொட்டறியாதவர். எனினும் அறுபது கடந்தபின் படியேற மூச்சு இரைத்தது. மருத்துவர் ஆய்ந்து, நாட்பட்ட மூச்சுத்தடை நோய் எனக் கூறினர். சுருட்டும் பீடியுமே இந்நோய்க்குக் காரணமென்று பலர் எண்ணுப. அடைபட்ட அடுக்களையில் விறகும் வறட்டியும் எரித்தெழும் புகையும் அதற்குரிய காரணங்களுள் ஒன்றென்பது இன்று நன்கு தெளியப்பட்ட செய்தி. மருத்துவர் உறிஞ்சு மருந்து கொடுத்து, நாடோறும் நடக்கவும், மூச்சுப் பயிற்சி கற்றுக்கொள்ளவும் பணித்தனர்.

அன்பர் மருத்துவமனைப் பயிற்சிக்குச் சென்றாரல்லர். யாரோ அளித்த சிறு நூலொன்றைக் கண்டார். பதினாறு மாத்திரை உள்ளிழுத்து, அறுபத்துநான்கு மாத்திரை நிறுத்தி, முப்பத்திரண்டு மாத்திரை வெளிவிடுக என்றும், அங்ஙனம் செய்வார்க்கு மூச்சு நோய் வேரோடு ஒழியும் என்றும், மருந்து வேண்டா என்றும் அதன்கண் எழுதப்பட்டிருந்தது. திருமூலர் பெயர் அட்டையிலேயே இருந்தமையின் ஐயுறாது கைக்கொண்டார், மருந்தை நிறுத்தினார். ஒன்பதாம் நாள் வைகறையில் மூச்சை அடக்கியிருந்தபோதே உணர்விழந்து சாய்ந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. மருத்துவமனையிற் சேர்க்கப்பெற்று, சிவனருளாற் பிழைத்தார்.

காணச் சென்ற அடியேனிடம் அவர் சொல்லியது நோயினும் கொடிதாயிருந்தது. “பண்டிதரே! மூச்சுக் குதிரை மெய்யரை ஏற்றும், பொய்யரைத் தள்ளும் என்று நாயனார் அருளியிருக்கின்றாரே. என்னைத் தள்ளிவிட்டது. இத்துணை ஆண்டு தொண்டு செய்தும் நான் பொய்யனாகவே இருந்தேன் போலும்” என்று கண்ணீர் உகுத்தார். ஒரு நூற்கு உரைத்த பிழையுரை ஒருவர் உடலை வீழ்த்தியதோடு அமையாது, அவர் உள்ளத்தையும் வீழ்த்திற்று. ஆகலின் இதனை ஆராயாது விடுதல் தகாதென்று கொண்டேன்.

ஒரு நூலை ஆராயப் புகுவார் நுதலிய பொருள், பயன், அதிகாரி, இயைபு என்னும் நான்கினையும் முதற்கண் தெளிதல் வேண்டுமென்பது நம் ஆசிரியர் மரபு. இரு செயல்கள் புறத்தே ஒத்திருத்தல் பற்றி அவை ஒன்றெனத் துணிதல் அளவைக்கு ஒவ்வாது. கோயிலில் ஏற்றும் விளக்கும் கடையில் ஏற்றும் விளக்கும் திரியும் நெய்யும் ஒத்தனவாயினும் செயலால் ஒன்றாகா. பிராணாயாமமும் மூச்சுப் பயிற்சியும் மேற்கூறிய நான்கனுள் எவ்வெவற்றால் ஒக்கும், எவ்வெவற்றால் வேறாம் என்பதைக் காண்பாம்.

முதற்கண் நுதலிய பொருள். யோக நூல்கள் கூறும் பிராணன், அபானன் முதலாகத் தனஞ்சயன் ஈறாகிய வாயுக்கள் பத்தனுள் தலைமையானது. அஃது உடலெங்கும் தொழில் நிகழ்த்தும் ஆற்றல். மூக்கின் வழியே இயங்கும் காற்று அவ்வாற்றலின் ஒரு வெளிப்பாடு. இக்காலத்துப் பாட நூலார் ஆக்சிஜன் என்னும் காற்றுக்குப் ‘பிராணவாயு’ என்று பெயரிட்டு வழங்கினர். அக்காற்றை இங்கிலாந்தில் பிரீஸ்டிலி என்பார் பிரித்தறிந்தது 1774-ஆம் ஆண்டில். ஆக்சிஜன் என்னும் பெயரை அதற்கு இட்டவர் பிரான்சு நாட்டு லவாய்சியர். பழஞ்சொல் ஒன்று புதுப்பொருளுக்குக் கடனாகக் கொடுக்கப்பட்டது, அதனாற் குற்றமில்லை. அக்கடனை மறந்து, புதுப்பொருளையே பழநூலுள்ளும் வைத்துப் படித்தமையே குற்றமாயிற்று. ‘பிராணாயாமமாவது பிராணவாயுவை மிகுதியாக உட்கொள்ளுதல்’ என்னும் உரை இவ்வாறு பிறந்ததே.

அவ்வுரை உடல் நூலாரும் ஒப்பாதது. நலமுடையார் ஒருவர் அமைதியாக மூச்சு விடும்போதே அவர் குருதியிலுள்ள ஹீமோகுளோபின் நூற்றுக்கு 95 முதல் 100 பங்கு வரை ஆக்சிஜனால் நிறைந்திருக்கின்றது. நிறைந்த குடத்தில் மேலும் நீர் சொரிவதால் ஆவது சிறிதே. விரைந்து விரைந்து மூச்சு வாங்குவாராயின் கரியமிலக் காற்று அளவிறந்து வெளிப்போந்து, மூளைக்குச் செல்லும் குருதிக் குழாய்கள் சுருங்கி, தலைசுற்றலும் விரல் மரத்தலும் உண்டாம். அதனை யோக அனுபவமென்று மயங்குவாரும் உளர்.

இனி அளவை நோக்குவாம். பூரகம் பதினாறு, கும்பகம் அறுபத்துநான்கு, இரேசகம் முப்பத்திரண்டு என மூலர் வகுத்தது உண்மை. கூட்டினால் ஒரு சுற்றுக்கு நூற்றுப்பன்னிரண்டாம். மாத்திரையாவது கண்ணிமைக்கும் பொழுதும் கைநொடிக்கும் பொழுதும் என்பது இலக்கணம் கற்றார் அறிவர். அதனை ஒரு வினாடியெனக் கொள்ளின் ஒரு சுற்று 112 வினாடி. அரை வினாடியெனக் கொள்ளினும் 56 வினாடி. நலமுடைய மக்கள் இயல்பாக நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகின்றனர். அஃதாவது ஒரு மூச்சுக்கு மூன்று முதல் ஐந்து வினாடி. நோய் முற்றிய நிலையில் நிமிடத்திற்கு முப்பது முறை இரைக்கும் ஒருவருக்கு ஒரு மூச்சுக்குக் கிடைப்பது இரண்டு வினாடி. அவரை அழைத்து நூற்றுப்பன்னிரண்டு மாத்திரைக் கணக்கில் நிறுத்துதல், நடை பயிலாக் குழவியை மலைமுடிக்கு ஏற்றுதல் போலும்.

ஒற்றுமை ஒன்றும் இல்லையோ எனின், உண்டு. அதனை மறைத்தல் நடுவுநிலைமையாகாது. மருத்துவமனையில் மூச்சுத்தடை நோயாளர்க்கு உதடு குவித்து ஊதும் பயிற்சி கற்பிக்கின்றனர். மூக்கால் இரண்டு எண்ணும் அளவு உள்ளிழுத்து, விளக்கின் சுடர் அணையாமல் அசையுமாறு ஊதுவார்போல உதட்டைக் குவித்து, நான்கு எண்ணும் அளவு வெளிவிடச் செய்கின்றனர். உள்ளிழுப்பினும் வெளிவிடுதல் இரட்டித்து நிற்கின்றது. மூலர் கணக்கிலும் பூரகத்தினும் இரேசகம் இரட்டியே. இவ்வொப்புமை கண்டே இரண்டும் ஒன்றென்றனர் போலும். ஆனால், இரண்டற்கும் நடுவே நின்று மூலர் கணக்கிற் பெரும்பங்கு கொள்ளும் கும்பகம் மருத்துவமனைப் பயிற்சியில் இல்லை. இன்மைக்குக் காரணமும் உண்டு.

மூச்சுத்தடை நோயில் நுரையீரலின் நுண்குழாய்கள் சுருங்குகின்றன. காற்றறைகளின் சுவர்கள் சிதைகின்றன. காற்று உட்புகுதல் எளிது, வெளியேறுதல் அரிது. முன்மூச்சு முற்றும் வெளியேறுமுன்னரே அடுத்த மூச்சு வந்து புகும். இங்ஙனம் பழங்காற்றுத் தேங்கி நுரையீரல் ஊதிப் பருக்கும். அதனை அடியிலிருந்து இயக்கும் உதரவிதானம் தட்டையாகி வலிகுன்றும். உதடு குவித்து மெல்ல ஊதுங்கால் குழாய்களுள் சிறிது எதிரழுத்தம் நின்று, அவை மூடிக்கொள்ளாமற் காக்கும், மூச்சின் விரைவு தணியும், தேங்கியது வெளியேறும். ஆகலின் அந்நோயாளர்க்கு வேண்டுவது காற்றை விடுதலே. அடக்குதல் அவர்தம் நோய்க்கு நோயாவது. காற்று நிறைந்த மார்பை இறுக்கி அடக்குங்கால் மார்பினுள் அழுத்தம் மிக்கு, இருதயத்திற்கு மீளும் குருதி குறைந்து, நலமுடையாரும் மயங்குதல் கூடும். நம் அன்பர்க்கு நேர்ந்தது இதுவும், மருந்தை விட்டதன் விளைவுமேயாம். பொய்ம்மைக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

அடுத்து அதிகாரி. பிராணாயாமம் எட்டுறுப்புக்களுள் நான்காவது. இயமம், நியமம், ஆதனம் என்னும் மூன்றும் அதற்கு முன்னே நிற்கின்றன. முன்னைய மூன்றிலும் நின்று, உடலுறுதியும் ஒழுக்கமும் உடையராய், ஆசிரியன் அருள் பெற்றோரே அதற்கு உரியர். வடநூலாகிய அடயோகப் பிரதீபிகையும், சிங்கம், யானை, புலி என்பவற்றைப் பழக்குவார்போல மூச்சை மெல்ல மெல்லப் பழக்குக என்றும், முறை தவறின் விக்கல், இரைப்பு, இருமல், தலை காது கண் என்பவற்றின் நோவு ஆகியன உண்டாம் என்றும் எச்சரிக்கின்றது. இரைப்பைத் தீர்க்குமென்று இவர் கூறும் பயிற்சியே, முறை தவறின் இரைப்பைத் தரும் என்று யோக நூலே கூறுதல் காண்க.

மருத்துவ நூலாரும் இதற்குச் சான்று தருகின்றனர். கபாலபாதி என்னும் வேகமூச்சை வலிந்து செய்த பெண்மணி ஒருவர்க்கு நுரையீரலினின்றும் காற்றுக் கசிந்து மார்பறையில் நிறைந்த செய்தி 2004-ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளிவந்தது. இஃது அரிதின் நிகழ்வதே, ஆயினும் நிகழ்வது. தம் பயிற்சியையும் அவர்கள் ஐயுறாது கொண்டாரல்லர். வயிற்றால் மூச்சு விடுதல் எல்லார்க்கும் நன்றென்று நெடுங்காலம் கற்பித்து வந்தனர். 1995-ஆம் ஆண்டு, நோய் முற்றிய சிலரிடத்து அளந்து பார்த்தபோது, அஃது அவர்க்கு மூச்சு விடும் உழைப்பை மிகுவித்தது என்று கண்டு வெளியிட்டனர். ஒரே பயிற்சி ஒருவர்க்கு மருந்தும் மற்றொருவர்க்குச் சுமையும் ஆகலின், இன்னார்க்கு இது என்று வரையறுத்தல் இன்றியமையாததாயிற்று. நம் நூலார் சத்திநிபாதம் நோக்கி உபதேசம் வேறுபடுத்தியதும் இந்நெறி பற்றியே.

மூன்றாவது பயன். மூச்சுப் பயிற்சியால் நுரையீரல் புதிதாகும் என்பது அச்சிறு நூலார் வாக்கு. நுரையீரல் கொள்ளும் காற்றை அளக்கும் கருவியை அமைத்து, இரண்டாயிரவர்க்கு மேற்பட்டோரை அளந்து, 1846-ஆம் ஆண்டில் வெளியிட்டவர் இலண்டன் மருத்துவர் ஜான் ஹட்சின்சன். அவர் வழிவந்த ஸ்பைரோமீட்டர் என்னும் கருவியில், முழுமூச்சு வாங்கி வேகமாக ஊதி, முதல் ஒரு வினாடியில் வெளிவரும் காற்று எத்துணை என்று இன்று அளக்கின்றனர். பயிற்சியால் அவ்வளவு உயர்கின்றதா என்று ஆராய்ந்தோர் கூறுவன நாம் அடக்கத்தோடு கேட்கத்தக்கன.

2012-ஆம் ஆண்டு 16 ஆய்வுகளை ஒருங்கு நோக்கியோர், மூச்சுத்தடை நோயாளர் மூச்சுப் பயிற்சியால் முன்னையினும் மிகுதொலை நடக்க வல்லராயினர் என்றும், இரைப்பும் வாழ்க்கை நலமும் ஒரு தன்மையாகத் திருந்தினவென்று கூறற்கில்லை என்றும் முடிபு கண்டனர். 2018-ஆம் ஆண்டு ஆஸ்துமா நோயாளர் 655 பேரை ஓராண்டு நோக்கிய இங்கிலாந்து ஆய்வில், பயிற்சி பெற்றோர்க்கு அன்றாட வாழ்க்கை நலம் மேம்பட்டது. ஊதி அளந்த அளவோ மாறவில்லை. நடைப்பயிற்சி, தசைப்பயிற்சி, நோயறிவு ஆகியன கூட்டிச் செய்யும் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சியை, 65 ஆய்வுகள் கொண்டு 2015-இல் நோக்கியபோது, இரைப்பும் சோர்வும் தணிந்து வாழ்க்கை நலம் மேம்படுதல் தெளிவாயிற்று. சிதைந்த காற்றறை மீளக் கட்டப்படுகின்றது என்று இவருள் ஒருவரும் கூறிற்றிலர். உள்ள மூச்சைக் கொண்டு அச்சமின்றி வாழக் கற்பித்தலே அவர் தரும் பயன். அது சிறு பயனன்று. குளியலறைக்குச் செல்ல அஞ்சியவர் தெருமுனை வரை நடத்தல், அவரைப் பொறுத்தவரை, ஓர் உலகம் மீண்டு வருதலாம்.

மூலர் கூறும் பயனோ முற்றும் வேறு. வளியும் மனமும் உடனியங்குவன. வளி நிற்ப மனம் நிற்கும். மனம் நிற்பப் பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என மேல் உறுப்புக்கள் கைகூடும். யோக நெறி நின்றார் சாரூபம் எய்துவர். அதன்மேல் ஞானத்தாலே சாயுச்சியம் எய்துவர். பிராணாயாமம் அந்நெடுவழியில் ஒரு படி. அதனை எடுத்து நுரையீரலின் அளவுகோலால் அளந்து, ‘இத்துணை மில்லிலிட்டர் பயன் தந்தது’ என்று கூறுதல், தேவாரம் ஓதுதலைத் தொண்டைக்குப் பயிற்சி என்று புகழ்தலோடு ஒக்கும். புகழ்ச்சியென்று கருதிச் செய்த இகழ்ச்சி அது. உடற்பயன் பிராணாயாமத்தால் வாராதோ எனின், வருக. வழிப்போக்கன் சாலை நிழலிற் குளிர்தல் போல அஃது இடையே வருவது, சென்றடையும் ஊர் அன்று.

யோகத்தை அறிவியலால் ஆராய்தல் கூடாதென்று இதனாற் கொள்ளற்க. குவலயானந்த சுவாமிகள் 1924-ஆம் ஆண்டில் லோனாவ்லாவில் கைவல்யதாமம் என்னும் நிலையத்தை நிறுவி, அவ்வாண்டிலேயே யோக மீமாம்சை என்னும் இதழையும் தொடங்கி, யோகச் செயல்களால் உடலினுள் அழுத்தம் எங்ஙனம் மாறுகின்றது என்பதைக் கருவி கொண்டு அளந்து வெளியிட்டனர். சோதித்துப் பின் கூறுதல் அவர் நெறி. கூறிப் பின் சோதியாதிருத்தல் இச்சிறு நூலார் நெறி. முன்னது யோகத்திற்கும் அறிவிற்கும் ஒருங்கே மதிப்பளிப்பது. பின்னது இரண்டனையும் தாழ்த்துவது.

இனிக் குதிரை உருவகத்தை நோக்குவாம். அன்பர் கண்ணீர்க்கு விடை அதன்கண்ணே உள்ளது. மூச்சாகிய குதிரை தகுதியுடையார்க்கு வசப்படும், தகுதியிலாரை வீழ்த்தும் என்பது நாயனார் கருத்து. அத்தகுதி யாதென்பதை அம்மந்திரம் ஒன்றனையே வைத்துத் துணிதல் கூடாது. முன்பின் இயைபு நோக்கிப் பொருள் காண்டல் உரைநெறி. அதற்கு அணித்தாக நிற்கும் மந்திரத்திலேயே, குருவின் அருள் பெற்றவழியே அக்குதிரை பிடிப்பட்டு வசமாகும் என்று அருளிச் செய்துள்ளார். ஆகலின், ஈண்டு மெய்யராவார் குருவின்வழி நின்று முறையறிந்தவர். பொய்யராவார் முறையறியாதே அறிந்தார்போல் ஏறுவோரும் ஏற்றுவோரும். அன்பர் தாமாக ஏறினாரல்லர், நம்பி ஏறினார். பொய்ம்மை அவர்பால் இல்லை. குருவின்றிக் குதிரையை விற்றவர்பால் உள்ளது.

குருவின் இன்றியமையாமையை மருத்துவ நூலாரும் தம் வழியிற் கண்டனர். வயிற்றின் மேற்பகுதியில் அறுவை செய்யப்பெறுவோர்க்கு, நோவஞ்சி ஆழ மூச்சு வாங்காமையால், நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி தங்கிக் காய்ச்சல் வருதல் உண்டு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளின் மூன்று மருத்துவமனைகளில் 441 பேரை இரு பகுதியாக்கி ஆராய்ந்து, 2018-ஆம் ஆண்டு வெளியிட்டனர். ஒரு பகுதியார்க்குச் செய்திகளடங்கிய சிறு நூல் மட்டும் கொடுத்தனர். மறுபகுதியார்க்கு அந்நூலோடு, அறுவைக்கு முன்னரே இயன்முறை மருத்துவர் ஒருவர் நேரில் அமர்ந்து, மூச்சுப் பயிற்சி ஏன் வேண்டும், எங்ஙனம் செய்வது, விழிப்பு வந்தவுடன் தாமே தொடங்குதல் எத்துணை இன்றியமையாதது என்று முப்பது நிமிடம் கற்பித்தார். நூல் மட்டும் பெற்றோருள் நூற்றுக்கு 27 பேர்க்கு நுரையீரற் கேடு நேர்ந்தது. கற்பிக்கப்பெற்றோருள் நூற்றுக்கு 12 பேர்க்கே நேர்ந்தது. கருவியும் இல்லை, புதுமருந்தும் இல்லை. ஓர் ஆசிரியரின் அரைமணி நேர மொழியே வேறுபாடு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதென்பது நம் நாட்டார் அறிந்த மொழியன்றோ!

அற்றேல், மேற்கூறிய ஆஸ்துமா ஆய்வில் நேரிற் கற்றாரும் ஒளித்தட்டுக் கண்டு வீட்டிற் கற்றாரும் ஒப்பவே பயன் பெற்றனரே, ஆசிரியன் வேண்டும் என்பது என்னை? எனின், கூறுதும். அவ்வொளித்தட்டு அப்பயிற்சியில் வல்லார் அந்நோயாளர்க்கென்றே அமைத்தது. அதனைப் பெற்றோர் நோய் இன்னதென்று மருத்துவரால் அறியப்பட்டவர். தம் மருந்தை விட்டாரல்லர். ஆசிரியன் முகம் நேரில் இல்லையாயினும் ஆசிரியன் நோக்கம் அதனுள் இருந்தது. இன்னார்க்கு இது என்னும் நோக்கமின்றி எல்லார்க்கும் ஒன்றெனத் தெருவில் எறிந்த நூல் அதனோடு ஒவ்வாது.

இனி, மறுபுறத்து நிற்பாரையும் நோக்கி ஒரு சொல் கூறுதல் கடன். “உடல் மாயையின் காரியம்; அழிவது; அதற்கு மூச்சுப் பயிற்சி ஒரு கேடா?” என்று இகழும் சைவரும் உளர். மாயையின் காரியமாகிய தனு கரண புவன போகங்கள் ஆணவ இருளிற் கிடக்கும் உயிர்க்கு விடியுமளவும் விளக்காக இறைவனால் தரப்பட்டன என்பது நம் சித்தாந்தம். விளக்கைத் தூண்டாது விடுதல் துறவன்று. மூலர் தாமும் உடம்பை முன்னர் இழுக்கென எண்ணி, பின்னர் அதனுள் இறைவன் கோயில் கொண்டமை கண்டு பேணியதாக அருளிச் செய்தது அனைவரும் அறிவர். ஆகலின், நோயுற்றார் மருத்துவமனை சென்று மூச்சு விடக் கற்றல் சைவர்க்கு இழுக்கன்று, கடமையேயாம். யோகத்தை மருந்தாகக் குறைத்தல் எங்ஙனம் பிழையோ, அங்ஙனமே மருந்தை யோகமன்றென இகழ்தலும் பிழை.

ஆதலின், மடங்களிலும் திருக்கோயில்களிலும் சொற்பொழிவாற்றும் அன்பர்க்கு அடியேன் வேண்டுவன மூன்று. திருமந்திரத்துப் பிராணாயாமப் பகுதியை விரிக்குங்கால் குரு வேண்டுமென்ற மந்திரத்தையும் உடன் விரித்துரைக்க. மூச்சு நோயும் இருதய நோயும் உடையார் கும்பகம் செய்தலாகாதென்பதை வெளிப்படையாகக் கூறுக. மருந்தை நிறுத்துக என்று எவர்க்கும் எப்பொழுதும் கூறற்க. மடைப்பள்ளிகளில் புகைபோக்கியும் காற்றோட்டமும் அமைத்தல் நான்காவதாகச் சேர்க்கத் தக்கது. அங்கு நின்று நமக்கு அமுதளிப்போர் மூச்சும் சிவன் தந்ததே.

அன்பர் இப்பொழுது மருந்தும் உட்கொள்கின்றார். மருத்துவமனைப் பயிற்சிக்கும் செல்கின்றார். அங்குக் கற்பிக்கும் இளம்பெண்மணி, “ஐயா, இழுக்க வேண்டா, மெல்ல விடுங்கள், அது போதும்” என்று நாடோறும் கூறுவாராம். இரண்டு எண்ணி இழுத்து நான்கு எண்ணி விடுமிடத்து, எண்ணுக்கு மாறாகத் திருநாமம் சொல்லலாமோ என்று இவர் வினவ, அவர் நகைத்து, “மூச்சு மெல்ல வெளிவந்தாற் போதும், எதைச் சொன்னாலும் சரி” என்றனராம். அஃது யோகமாகுமோ என்று அடியேனை வினவினார். ஆகாது, மருந்துண்ணும்போது சிவனை நினைத்தல் போல்வதென்றேன். “அதுவே எனக்கு அமையும்” என்றார். திருக்கோயில் வெளிச்சுற்றை, இடையிடையே இருமுறை நின்று, இன்று அவர் முழுதும் வலம் வருகின்றார். தம்மைப் பொய்யரென்று இப்பொழுது அவர் கூறுவதில்லை.

மேன்மைகொள் சைவநீதி எங்கும் விளங்குவதாக.

திருச்சிற்றம்பலம்